கோபுர நிழலில் குடித்தனம்

"கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடா? கொடுத்து வைத்தவளம்மா நீ!"

தாராசுரத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் இந்த வார்த்தையை ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். பிறந்த வீட்டு மனிதர்கள் வருவார்கள். ஐராவதேஸ்வரர் கோயிலைச் சுற்றிப் பார்ப்பார்கள். பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஸ்வரம் கேட்குமாமே என்று வியப்பார்கள். ஒரே தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். பிறகு திண்ணையில் உட்கார்ந்து டிகிரி காபி குடித்துக்கொண்டே இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள்.

கொடுத்து வைத்தவள்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வீட்டில் மழை நாளில் கொல்லைக்கு எப்படிப் போய் வருகிறாள், வயசான மாமியாரை ராத்திரி பாத்ரூமுக்கு யார் கைப்பிடித்து அழைத்துப் போகிறார்கள், வாசலில் தேங்கிய தண்ணீரை யார் வாரிக் கொட்டுகிறார்கள் என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்!

இந்த இதழில் இதை எழுதக் காரணம் ஒரு கடிதம். தாராசுரத்து மருமகள் ஒருவர் எழுதியிருக்கிறார். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் போடவில்லை. விஷயம் இதுதான்:

"எங்கள் வீடு கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். என் வீட்டுக்காரரின் தாத்தா கட்டியது. மாமியாருக்கு 74 வயது. அந்தக் காலத்திலிருந்து தறிக்குத் தார் சுற்றியே முழங்கால் போய்விட்டது. கக்கூஸ் கொல்லைக் கோடியில், கிணற்றைத் தாண்டி இருக்கிறது. போன ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்தார். நல்லவேளை, கையில் சிராய்ப்போடு போச்சு. வீட்டுக்குள்ளேயே ஒரு பாத்ரூம் கட்டலாம் என்றால், 'கோயில் பக்கத்துல ஒரு செங்கல்கூட வெக்கக் கூடாது, மத்திய சர்க்கார் சட்டம், ஜெயில்ல போட்டுடுவான்' என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். வீட்டுத் தரகர் ஒருவர், 'இதுக்கு இனிமே விலையே கிடையாது, வர்ற விலைக்குத் தள்ளிட்டுக் கும்பகோணத்துல ஃபிளாட் வாங்கிடுங்க' என்கிறார். என் வீட்டுக்காரரும் அரை மனசாக இருக்கிறார். மாமியாரோ, 'என்னைத் தூக்கிண்டு போனப்புறம் வித்துக்கோங்கோ' என்று சொல்லிவிட்டு அழுகிறார். நான் என்ன செய்யட்டும்?"

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைச் சுற்றியும், கங்கைகொண்ட சோழபுரத்திலும், மாமல்லபுரத்திலும் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பட்டணமும் இல்லை, பட்டிக்காடும் இல்லை

தாராசுரம் கும்பகோணத்திலிருந்து மூன்று, நாலு கிலோமீட்டர். தஞ்சாவூர் போகிற ரயில் பாதையில் அதற்கென்று தனி ஸ்டேஷன் உண்டு. கோயிலைக் கட்டியவன் இரண்டாம் ராஜராஜ சோழன், 12ம் நூற்றாண்டு. ராஜராஜபுரம் என்ற பேர்தான் ஜனங்கள் வாயில் புகுந்து புறப்பட்டுத் தாராசுரம் ஆயிற்று. முன்மண்டபத்துக்குச் சக்கரமும் குதிரையும் வைத்து, கல்லையே தேராக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலை யுனெஸ்கோ 1987ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004ல் கங்கைகொண்ட சோழபுரத்தோடு தாராசுரமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

கோயில் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தறிச் சத்தம். பட்டு நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, வாசலில் தஞ்சாவூர்த் தமிழ். ஊரைத் தாண்டினால் நெல் வயல், வாழை, வெற்றிலைக் கொடிக்கால். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கிடைத்தது பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கும்பகோணத்துக்கே காய்கறி அனுப்புகிற மொத்த மார்க்கெட்டும் தாராசுரத்தில்தான். முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாடாமல் கிடைக்கிற ஊர்.

பேரூராட்சியாக இருந்த இந்த ஊர், 2021ல் கும்பகோணம் மாநகராட்சியானபோது அதோடு சேர்க்கப்பட்டது. ஆக, விலாசம் மாநகராட்சி, வாசலில் மாடு, பின்னால் வயல், எதிரே உலகப் பாரம்பரியச் சின்னம்! இப்படிப்பட்ட ஊரில் குடித்தனம் செய்கிறவளுக்குப் பட்டணத்து யோசனையும் முழுக்கப் பொருந்தாது, கிராமத்து யோசனையும் முழுக்கப் பொருந்தாது. அவளுக்கென்று சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். முதல் விஷயம் அந்த "ஒரு செங்கல்" சட்டம்.

சட்டம் என்னதான் சொல்கிறது?

புராதனச் சின்னங்களைக் காப்பாற்ற 1958ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2010ல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நாடெங்கும் உள்ள 3,600க்கும் மேற்பட்ட சின்னங்களுக்கு இது பொருந்தும். தாராசுரம் கோயில் அவற்றில் ஒன்று.

இந்தச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு மேல் இன்னொரு 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. கவனியுங்கள்: கோபுரத்திலிருந்து அளப்பதில்லை. தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறதே, அந்த இடத்தின் எல்லையிலிருந்து அளக்க வேண்டும். "எங்க வீடு கோபுரத்திலேர்ந்து ரொம்ப தூரம்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் தடைப் பகுதிக்குள் இருக்கலாம். பக்கம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் அதற்கு வெளியே இருக்கவும் கூடும். ஊரார் வாய்க்கணக்கை நம்பாமல், சர்வே எண்ணை வைத்து விசாரிப்பதுதான் சரி.

தடை செய்யப்பட்ட பகுதியில் புதிதாக வீடு கட்டக் கூடாது. இருக்கிற வீட்டின் மேல் மாடி எழுப்பக் கூடாது. பக்கவாட்டில் இழுத்துக் கட்டவும் கூடாது. இது உண்மை. அனுமதியில்லாமல் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. பயமுறுத்துகிறவர்கள் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

மறு பக்கத்தையும் பாருங்கள். 1992 ஜூன் 16ம் தேதிக்கு முன்பே இருந்த கட்டடமாக இருந்தால், அதைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் சொந்தக்காரர் அனுமதி கேட்கலாம். ஏற்கெனவே உள்ள கட்டடத்துக்குள் செய்கிற மாற்றங்களைத்தான் பழுது பார்ப்பது, புதுப்பிப்பது என்று இந்தச் சட்டம் சொல்கிறது. சாக்கடை கட்டுவது, அதைப் பராமரிப்பது, பொதுக் கழிப்பறை, பொதுஜனங்களுக்கான குடிநீர் வேலைகள் இவையெல்லாம் "கட்டுமானம்" என்ற கணக்கிலேயே வராது என்றும் அதில் இருக்கிறது. அடுத்த 200 மீட்டரில் இருப்பவர்கள் அனுமதி வாங்கிப் புதிதாகக் கட்டவும் வழி உண்டு.

நம் சகோதரியின் வீட்டுக்கு இதை வைத்துப் பார்ப்போம். கொல்லையில் புதுசாக ஒரு அறை எழுப்பிப் பாத்ரூம் கட்டினால் அது கூடுதல் கட்டுமானம், கூடாது. ஆனால் கூடத்தை ஒட்டியிருக்கிற சாமான் அறையை, சுவரும் கூரையும் இருக்கிறபடியே இருக்க, உள்ளே மட்டும் பாத்ரூமாக மாற்றினால்? அது இருக்கிற கட்டடத்துக்குள் செய்யும் மாற்றம். அதற்கு விண்ணப்பம் போடலாம். தாத்தா கட்டிய வீடு என்பதால் 1992 ஒரு பிரச்னையே இல்லை. ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும். பழைய வீட்டு வரி ரசீது, பத்திரம், மின்சாரக் கட்டண ரசீது எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டுங்கள்.

விண்ணப்பம் உரிய அதிகாரியிடம் போய், அவர் 15 நாளைக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். அதற்குப் பின் ஒரு மாதத்தில் அதிகாரி உத்தரவு தர வேண்டும். சட்டத்தில் எழுதியிருக்கிற கெடு இது. இப்போது கம்ப்யூட்டர் மூலமாகவும் விண்ணப்பிக்கலாம். கும்பகோணத்தில் வரைபடம் போடுகிற என்ஜினீயர்கள் இந்த வேலையைச் செய்து தருவார்கள். மாநகராட்சி அனுமதி தனி. அதையும் வாங்க வேண்டும். கொத்தனாரைக் கூப்பிடுமுன் இரண்டு காகிதமும் கையில் இருக்கட்டும். சட்டங்கள் திருத்தப்படுவதும் உண்டு. ஆகவே விண்ணப்பிக்கிற அன்று தொல்லியல் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாமியாருக்கு ஒரு பாத்ரூம்

அனுமதி வருகிற வரை கால் காத்திருக்குமா? அடுத்த மழை காத்திருக்குமா? வயசானவர்கள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் படுக்கையோடு படுக்கையாகிவிடுகிற ஆபத்து உண்டு. ஆகவே உடனடியாக ஒன்று செய்யுங்கள். மருந்து, வைத்திய சாமான் விற்கிற கடைகளில் கமோடு நாற்காலி கிடைக்கிறது. நடுவில் துவாரமும் கீழே பாத்திரமும் வைத்த நாற்காலி. ராத்திரி வேளைக்கு அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் போட்டு, ஒரு திரை கட்டிவிடுங்கள். "கூடத்துலயா? அசிங்கம்!" என்று மாமியார் முதலில் முகம் சுளிக்கலாம். "விழுந்து நாலு மாசம் படுத்தா, அப்புறம் எல்லாமே கூடத்துலதானே, அம்மா?" என்று பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

சாமான் அறையை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில:

வாசற்படி வேண்டாம். கூடத்துத் தரையும் பாத்ரூம் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டமாக, தண்ணீர் உள்பக்கம் வாட்டமாக ஓடும்படி இருக்கட்டும். நம் பழைய வீடுகளில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படி. அந்தப் படிகளில்தான் கால் தடுக்குகிறது.

கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும். வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே மயங்கி விழுந்தால் உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ள முடியாமல் தவிக்க நேரும்.

உட்காரும் பீடம் ஒன்றரை அடி உயரம். பக்கத்துச் சுவரில் இரண்டரை அடி உயரத்தில் கனமான கைப்பிடிக் கம்பி. துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழுந்திருக்க விடாதீர்கள். அது கையோடு வந்துவிடும்.

தரைக்குச் சொரசொரப்பான ஓடு. வழவழப்பாகப் பளபளக்கும் டைல்ஸ் விளம்பரத்துக்கு அழகு, வயசான காலுக்கு எமன். ராத்திரி முழுக்க எரிகிற சின்ன விளக்கு ஒன்று. ஒரு மணி.

எமன் என்றதும் ஞாபகம் வருகிறது. ரிஷி சாபத்தால் உடம்பெல்லாம் எரிச்சலெடுத்த எமனே தாராசுரத்துக்கு வந்து தீர்த்தத்தில் குளித்துத்தான் குணமானான் என்பது ஸ்தல புராணம். அந்தக் குளத்துக்கே எமதீர்த்தம் என்று பேர். எமனுக்கே குளியல் தேவைப்பட்டது என்றால், முழங்கால் வலிக்கிற மாமியாருக்குச் சௌகரியமாகக் குளிக்க ஒரு இடம் வேண்டாமா?

முழங்காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தறிக்காரர் வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து தார் சுற்றுகிறார்கள். குழித்தறியில் உட்காருகிறவர்களுக்கு முதுகு. தார் சுற்றுகிறவர்களுக்கு முழங்காலும் கழுத்தும். மாமியாருக்கு நேர்ந்தது மருமகளுக்கும் நேர வேண்டாமே! ராட்டையை ஒரு பலகையின் மேல் ஏற்றி வைத்து, முக்காலியிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து சுற்றலாம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஜரிகையையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு, தூரத்தில் தெரிகிற விமானத்தை இரண்டு நிமிஷம் பார்ப்பது ஓய்வு. கோயில் பக்கத்தில் இருப்பதில் இது ஒரு லாபம்!

கிணறும் கொசுவும்

வீட்டுக்குள் பாத்ரூம் வந்தால் கழிவு எங்கே போகும் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நம் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, அகலம் குறைவாக, நீளமாக ஓடுகின்றன. எல்லோருடைய கிணறும் கொல்லையில். எல்லோருடைய கக்கூஸ் குழியும் கொல்லையில். உங்கள் குழி உங்கள் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றிலிருந்து எத்தனை அடி? அதையும் அளந்து பாருங்கள். டெல்டா மண்ணில் ஆற்றில் தண்ணீர் வந்தால் கிணற்றிலும் ஏறும். மேட்டூர் அணை 1934ல் வந்ததிலிருந்து, வழக்கமாக ஜூன் 12ல் தண்ணீர் திறந்து, அது அரசலாற்றுக்கு வந்து, வயலுக்குப் பாய்ந்து, நம் கிணற்றிலும் ஊறுகிறது. நிலத்தடித் தண்ணீர் மேலே வரும்போது குழியின் அழுக்கும் கிணற்றுக்கு வர வழி ஏற்படுகிறது. பாதாளச் சாக்கடை இணைப்புக் கிடைக்கிற தெருவாக இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரைத் தோய்க்கவும் தேய்க்கவும் வைத்துக்கொண்டு, குடிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பயன்படுத்துங்கள்.

கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு யானைக்கால் வியாதி புதிதில்லை. ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பேரையும் அந்த வியாதியையும் சேர்த்தே சொல்வார்கள். ராத்திரி வேளையில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் போவது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏன் ராத்திரி? இந்தக் கிருமிகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் மேலாக நடமாடும். சாக்கடையிலும் கக்கூஸ் தொட்டியிலும் பிறக்கிற க்யூலெக்ஸ் கொசு கடித்து அதைப் பரப்புகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கிற திட்டம் தமிழ்நாட்டில் 1990களில் ஆரம்பித்தது. நோய் வெகுவாக அடங்கியதற்கு அந்த மாத்திரை ஒரு பெரிய காரணம். ஆனால் கொசு போய்விடவில்லையே!

ஆகவே கக்கூஸ் தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் நைலான் வலை ஒன்றை இறுக்கிக் கட்டுங்கள். மிகச் சின்ன வேலை, பெரிய பலன். தொட்டி மூடியில் விரிசல் இருந்தால் சிமெண்ட் பூசுங்கள். டெங்குக் கொசு வேறு ஜாதி. அது நல்ல தண்ணீரில் முட்டையிடும். முற்றத்து அண்டா, மாடியில் கிடக்கிற தேங்காய்க் கொட்டாங்கச்சி, பழைய டயர் எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் கவிழ்த்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது பழைய கால் வீக்கம் இருந்தால், தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜுரத்தோடு கால் சிவந்தால் டாக்டரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

தெரு உயர உயர

ஐராவதேஸ்வரர் கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுற்றியுள்ள தரையைவிடக் கோயில் தாழ்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் பிராகாரத்தில் தண்ணீர் நிற்பதும் உண்டு. சோழ ராஜா பள்ளத்தில் கட்டினான் என்று அர்த்தமில்லை. எண்ணூறு வருஷத்துக்கு மேலாகச் சுற்றிலும் மண் சேர்ந்து ஊர் உயர்ந்துவிட்டது.

அதே கதை நம் வீட்டு வாசலிலும் நடக்கிறது, ஆனால் எண்ணூறு வருஷம் ஆவதில்லை! தெருவுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ரோடு போட்டால், ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டின் மேலேயே போட்டால், திண்ணைக்கு ஏற மூன்று படி இருந்த வீட்டில் ஒரு படிதான் மிஞ்சும். பிறகு அதுவும் போகும். மழைத் தண்ணீர் ரேழிக்குள் வரும். ஐப்பசி, கார்த்திகையில் குழித்தறியின் குழியில் ஊற்றெடுக்கும். பாவு நைந்து வேலை நிற்கும். கூலியும் நிற்கும்.

பழைய வீட்டை விற்க நினைக்கிறவர்களில் பலர் உண்மையில் இந்தத் தண்ணீருக்குப் பயந்துதான் விற்கிறார்கள். இதற்கும் ஒரு வழி உண்டு. பழைய சாலையின் மேல்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மட்டம் உயராதபடிதான் புதுச் சாலை போட வேண்டும் என்று தமிழக அரசு 2021ல் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. இதை எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்? ரோடு போடுகிற லாரி வந்து நின்ற பிறகு ஓடினால் பயனில்லை. வேலை வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே, தெருப் பெண்கள் பத்துப் பேராகச் சேர்ந்து, வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சி அலுவலகத்திலும் எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். வாசற்படியின் உயரத்தை அடிக்கோல் வைத்துப் போட்டோ எடுத்து மனுவோடு இணையுங்கள். 2028ல் கும்பகோணத்தில் மகாமகம். அதையொட்டி ரோடு வேலைகள் நடந்தால் நம் தெருவுக்கும் வரும். இப்போதே கேட்டு வைப்பது நல்லது.

அதோடு, ஊருக்கு வெளியே வயல்கள் மனைகளாகும்போது வாய்க்கால்களும் சேர்ந்து மூடப்படுகின்றன. தண்ணீருக்குப் போக்கிடம் இல்லையென்றால் நம் வாசலுக்குத்தான் வரும். தெருக் கோடியில் எந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மனுக் கொடுக்க உதவும்.

விற்பதா, இருப்பதா?

இனி நம் சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

அம்மா, வீட்டை விற்கக் கூடாது என்று சட்டம் போட நான் யார்? விற்பதில் தப்பும் இல்லை. கும்பகோணத்து ஃபிளாட்டில் லிஃப்ட் இருக்கும், உள்ளேயே பாத்ரூம் இருக்கும், வாசலில் தண்ணீர் நிற்காது. கூடவே மாதச் சந்தாவும் இருக்கும். லிஃப்ட் நின்றால் மாமியார் வீட்டோடு அடைபடுவார். தறி போட இடம் இருக்காது. காலையில் திண்ணையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களோடு நாலு வார்த்தை பேசுகிற பழக்கம் நின்றுபோகும். வயசானவர்களுக்கு அந்த நாலு வார்த்தை எவ்வளவு பெரிய மருந்து என்பது பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய வீட்டிலும் குறை உண்டு, மறைக்க வேண்டாம். தடைப் பகுதிக்குள் இருந்தால் நாளைக்குப் பையனுக்குக் கல்யாணமானாலும் மாடி எழுப்ப முடியாது. சின்ன ரிப்பேருக்கும் காகிதம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். ஊர் உலகத்துக்கெல்லாம் சொந்தமான கோயிலைக் காப்பாற்றுகிற சிரமம், பக்கத்தில் குடியிருக்கிற நாலு தெருக்காரர்கள் தலையில் மட்டும் விழுகிறது. இதைச் சொல்லவும் வேண்டும், அதிகாரிகளிடம் கேட்கவும் வேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான். பயத்தில் விற்காதீர்கள். "ஒரு செங்கல்கூட வைக்க முடியாது" என்று சொல்லி விலையைக் குறைக்கிற தரகர், நாளைக்கு அதே வீட்டை இன்னொருவருக்கு "கோயில் எதிரிலேயே வீடு, டூரிஸ்ட் வர்ற இடம்" என்று சொல்லி விற்க எத்தனை நேரமாகும்? முதலில் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று எழுத்தில் தெரிந்துகொள்ளுங்கள். சாமான் அறையை மாற்ற விண்ணப்பம் போடுங்கள். பாத்ரூம் வந்து, ஒரு மழைக்காலம் அதோடு கழியட்டும். அதன் பிறகும் விற்கத் தோன்றினால், நிதானமாக, நியாயமான விலைக்கு விற்கலாம். வசதியுள்ள வீட்டுக்கு விலையும் கூடும்.

வீடு யார் பேரில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மாமியார் பேரில் இருந்தால் கையெழுத்து அவருடையது, முடிவும் அவருடையது. யார் பேரில் இருந்தாலும், அவரை உட்கார வைத்து, "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்று கேளுங்கள். வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்று அழுகிறவர், பாத்ரூமுக்கு மட்டும் தலையாட்டக்கூடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது நாலே வேலை: கமோடு நாற்காலி, பழைய ரசீதுகள், சர்வே எண், காற்றுக் குழாய்க்கு வலை. நாலில் மூன்றுக்குப் பெரிய செலவில்லை.

கோயில் இருக்கிற ஊர்களில் குடித்தனம் செய்யும் மற்றச் சகோதரிகளும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அனுமதி கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் எத்தனை நாள் ஆயிற்று, என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று தெரிவித்தால் பலருக்குப் பயன்படும். அடுத்த இதழில், பழைய ஓட்டு வீட்டில் ஒழுகலைத் தடுப்பது பற்றிப் பேசுவோம்.